முத்திரை வைத்த உப்புக் குவியல்

1974ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அண்ணன் வழக்கம்போல் காலை ஐந்து மணிக்கு எழுந்து நீராகாரம் குடித்தார். ஐந்தரைக்கு மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளை ஒரு சுற்றுப் பார்த்து முடித்தார். ஆட்கள் உப்பு வாரத் தொடங்கினார்கள். பள்ளி விடுமுறையாதலால் ஆசிரியனான நானும் உடனிருந்தேன். காலைப் பகுதிக்கு என் நாட்குறிப்பில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இம்மலர் உங்கள் கைக்கு வருகிறது. திருட்டு உப்பு விற்றதால்தான் அவருடைய உரிமம் பறிபோனது என்று நம் உறவினரிலேயே சிலர் இன்னும் பேசுகிறார்கள். அது பொய்.

கிளியனூரில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தவர் அண்ணன். எங்கள் தந்தையார் இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. மானாவாரி நிலம் சோறு போடாதென்று உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அரசிடம் குத்தகைக்கு எடுத்துத் தாமே அளம் நடத்தினார். என்னைப் படிக்கவைத்தவரும், இரண்டு தங்கைகளுக்கு மணம் முடித்தவரும் அவரே. முன்கோபி, மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர். அதையும் மறைக்கவில்லை.

அந்த ஆண்டு மாசியில் உப்பு இலாகாவுக்கு வந்த புதிய அதிகாரி, பூட்ஸ் காலோடு பாத்தியில் இறங்கினார். வெறுங்காலால் நாள்கணக்கில் மிதித்து இறுக்கிய தரை அது. பூட்ஸ் பட்டால் பெயர்ந்து உப்பில் மண் ஏறும்.

"கழட்டிட்டு எறங்குங்க சார். எங்க ஆளுங்க யாரும் செருப்போட எறங்க மாட்டாங்க" என்றார் அண்ணன்.

"உங்க ஆளும் நானும் ஒண்ணாய்யா?"

"பாத்திக்கு ஒண்ணுதான் சார்."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். பகை அங்கே பிறந்தது.

ஏப்ரல் 22ஆம் தேதி அதே அதிகாரி வந்து, உப்புக் குவியல் அண்ணன் கணக்கில் எழுதிக் கொடுத்ததைவிடப் பெரிதாக இருக்கிறது, அளக்க வேண்டும் என்றார். குவியல் முழுதும் சாம்பல் தூவி, பலகை முத்திரையைப் பதிக்கச் செய்தார். யார் கை வைத்தாலும் அச்சு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாளில் வருவதாகச் சொன்னவர் மூன்று வாரமாக வரவில்லை. அண்ணன் நான்கு முறை அலுவலகம் போனார். நான்கு முறையும் ஐயா கேம்ப் என்றார்கள்.

மே 14 பகல் ஒரு மணிக்குத் தெற்கே கருத்தது. கீற்றுப் போர்த்தினால் முத்திரை கலையும், உரிமம் போகும். போர்த்தாவிட்டால் நாலு மாத உழைப்பு கரையும். அண்ணன் என்னை எக்கியார்குப்பத்துக்குச் சைக்கிளில் அனுப்பினார். அங்குள்ள மீனவர்கள் முப்பது பேர் படகுப் பாய்களோடும் துடுப்புகளோடும் வந்தார்கள்.

"மேல படாம புடிக்கணும், அவ்ளோதானே?" என்றார் அவர்களில் மூத்தவர். "இத்தினி நாளு காத்துக்கு விரிச்சோம். இன்னிக்கு கவர்மெண்டுக்கு விரிக்கிறோம், வாங்கப்பா."

2.40க்கு மழை பிடித்தது. துடுப்புகளில் பாயைத் தூக்கிப் பிடித்து, குவியலைத் தொடாமல், இரண்டு மணி நேரம் சுற்றி நின்றார்கள். 4.45க்கு மழை விட்டது. முத்திரை கலையவில்லை.

ஐந்தரைக்கு ஜீப்பில் அதிகாரி வந்தார். குவியலைச் சுற்றிப் பார்த்தார்.

"சீல் அப்படியே இருக்குதே. சரி, அடுத்த மாசம் அளக்கறோம்."

"இன்னொரு மழை வந்தா சார்?"

"அதான் ஆள் இருக்குதே. இன்னிக்கு மாதிரியே புடிங்க."



உரிமம் போன பிறகு அவர் பிறர் அளத்தில் மேஸ்திரியாக இருந்தார். கடைசி எட்டு மாதம் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது வாரந்தோறும் வந்து பார்த்த எக்கியார்குப்பத்தாருக்கும், தாய்போல் கவனித்த அண்ணியாருக்கும், தோள் கொடுத்த அளத்து ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இலாகாவைச் சேர்ந்த எவருக்கும் இம்மலரில் நன்றி இல்லை.

மறுநாள் 15ஆம் தேதி, புதன்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு அண்ணன் முதலில் என்னிடம் ஒரு தாள் கேட்டார். "தங்கள் முத்திரையை இன்று ஆறு மணிக்கு நானே உடைக்கிறேன். வேலையாட்கள் யாரும் தொடவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை என்றேன். தாளை அலுவலகத்தில் கொடுத்துவரும்படி என்னிடம் தந்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.