குத்தகை ஏரி

இன்று காலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வந்தவர்கள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே, சிறுவயதில் நாங்கள் குடியிருந்த அஸ்தினாபுரத்து ஏரி நினைவில் எழுந்தது. சாயங்காலமானால் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போடுவாள். கெண்டையும் கெளுத்தியும் மாட்டும், விரல்நீளக் குஞ்சு மாட்டினால் முள்ளைப் பக்குவமாகக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள், இருட்டும்வரை தவளைகள் கத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு கோடையில், ஏரியைக் குத்தகை எடுத்தவனின் ஆட்கள் அந்தப் பவுடரை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன. பெரியவற்றை மட்டும் அள்ளிக் கூடைகளில் போட்டார்கள்.

“குஞ்செல்லாம் செத்துப்போய்க்கீதே, வர்ற வருசம் இன்னாத்தடா புடிப்பீங்க?” என்று அக்கா கத்தினாள்.

“வர்ற வருசம் குத்தகை எங்களுக்கு இல்லக்கா,” என்றான் அவர்களில் ஒருவன், சிரித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரில் கொசு மட்டுமே வளர்ந்தது. நாற்றம் தாங்கவில்லை, மூடிவிடுங்கள் என்று தெருக்காரர்களே நகராட்சியில் போய்க் கேட்டார்கள். லாரிகளில் மண் வந்து இறங்கிய நாளில் தெருவே நின்று நிம்மதியாக வேடிக்கை பார்த்தது. ஸ்டெல்லா அக்கா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள்.