ரப்பர் அக்காவும் பழுப்புத் தண்ணீர்ப் புகாரும்

அரசாங்க இணையதளம் எதைத் திறந்தாலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கிடக்கும்: 'உங்கள் சொந்த விவரங்களை நாங்கள் எப்படிக் கையாள்கிறோம்.' அதை அழுத்தி உள்ளே போய்ப் படித்ததுண்டா? பொய் சொல்ல வேண்டாம். யாரும் படிப்பதில்லை. 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் வரும், கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்திவிட்டு வந்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் அந்தப் பக்கத்தையும் யாரோ ஒருத்தி உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கி எழுதியிருப்பாள். குடிநீர் வாரியத்தின் பக்கத்தை எழுதியவள் ரப்பர் அக்கா.

ரப்பர் என்றால் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர். அவளுடைய வேலையே அழிப்பதுதான் என்பதால் அலுவலகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்தது, சாக்கடை கலக்கிறது என்று ஜனங்கள் இணையதளத்தில் புகார் எழுதுகிறார்கள். பெயர், வீட்டு எண், தெரு, தொலைபேசி எண் எல்லாம் கொடுக்கிறார்கள். வேலை முடிந்து குறிப்பிட்ட காலம் போனதும் அந்த விவரங்களை அழித்துவிட வேண்டும். இயந்திரமே அழித்துவிடும்தான். ஒருமுறை இயந்திரத்தை நம்பி விட்டதில், முடியாத புகார்களையும் அது சேர்த்து அழித்து, ஒரு தெருவே குடத்தோடு வாசலில் வந்து நின்றது. அன்றிலிருந்து, அழிப்பதற்கு முன் ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டும் என்று வாரியம் விதி போட்டது. அந்தக் கண் அக்காவுடையது.

ஜனங்கள் புகாரை மட்டுமா எழுதுகிறார்கள்? கேட்டது ஒன்று, சொல்வது பத்து. 'அவர் போனதிலிருந்து இந்தக் குழாயை இறுக்கி மூட வீட்டில் கையில்லை' என்று ஒரு அம்மாள் எழுதியிருப்பாள். 'வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான், அதற்குள் தண்ணீர் விடுங்கள்' என்று ஒரு பெரியவர் எழுதியிருப்பார். குழாய் சரிசெய்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? அவன் வீட்டு எண்ணை மட்டும் பார்ப்பான். மீதியை முழுக்கப் படித்தவள் அக்கா ஒருத்திதான். படித்து முடித்ததும் அழித்துவிடுவாள்.

விதி என்றால் அவளுக்கு விதிதான். 'நீங்கள் எதற்காக விவரம் தந்தீர்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்துவோம்' என்று பக்கத்தில் எழுதியதை அவள் ஒருத்தியாவது நம்பினாள். பக்கத்து மேசைக்காரர் ஒருவர், புகார் எழுதிய ஒரு பெண்ணின் பெயரையும் பெயருக்குப் பின்னால் போட்டிருந்த படிப்பையும் பார்த்துவிட்டு, தன் மச்சானுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அவள் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். அக்கா நேரே போய் மேலிடத்தில் சொல்லிவிட்டாள்.

"நல்லதுதானேம்மா நெனச்சேன்," என்றார் அவர்.

"தண்ணி வரலன்னு சொல்லத்தான் அவங்க நம்பர் குடுத்தாங்க. மாப்பிள்ளை வரலன்னு சொல்லல."

மனிதரை நீரேற்று நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மோட்டார் சத்தத்தில் அவருக்குக் காதே போய்விட்டது என்று பேச்சு. சொன்னது நியாயம்தான், ஆனால் நியாயத்தோடு உட்கார்ந்து யார் சாப்பிடுவார்கள்? மதியம் எல்லாரும் மேசைகளை ஒட்டிப்போட்டு டப்பாவைத் திறக்கும்போது, அக்கா தன் திரைக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுவாள். அவள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டிலும் அதே கதை. சலவைக்கடைக்கு மேலே ஒரே அறை. கீழே இஸ்திரிப் பெட்டி ஓடுகிற வரை சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு நாற்காலி உண்டு, ஒன்றில் மடித்த துணி உட்கார்ந்திருக்கும். அவள் பிறந்தநாளை மறக்காமல் வாழ்த்துச் சொல்கிற ஒரே ஜீவன் வங்கியின் இயந்திரம். பெருமைக்குச் சொல்லவில்லை, அவளே ஒருமுறை அதற்கு 'நன்றி' என்று பதில் அனுப்பியிருக்கிறாள்.

கூடப் பிறந்தவன் ஒரு தம்பி இருந்தான். வீட்டுக்குப் பிடிக்காத பெண்ணைக் கட்டிக்கொண்டு வெளியே போனான். அம்மாவுக்கு வைராக்கியம். ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோதும், "அவனுக்குச் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணு," என்றாள். அக்கா சத்தியம் செய்தாள். சொன்ன சொல்லை ஊசி முனையளவும் மீறவில்லை. எல்லாம் முடிந்த பிறகு யாரோ சொல்லித் தம்பி ஓடிவந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"ஏன்க்கா எனக்குச் சொல்லல?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கடா."

"சாகப் போறவங்க சொன்னாங்க சரி. இருக்கப் போறது நீதானே? உனக்குத் தோணலயா?"

அவன் திரும்பிப் போனான். மறுநாள் அவன் எண் வேலை செய்யவில்லை. வீட்டையும் மாற்றிவிட்டான். அதன்பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. தேடாத இடமில்லை என்று சொல்ல முடியாது. தேடக் கூச்சப்பட்ட இடங்கள்தான் அதிகம். ஆனால் தெருவில் அவன் நடையில் யாராவது நடந்தால் போதும், முகத்தைப் பார்க்கிற வரை பின்னாலேயே போவாள்.

இப்படி இருக்கையில்தான், ஒரு சாதாரண முற்பகலில், அழிக்க வேண்டிய புகார்களில் ஒன்றாக அது வந்தது. தண்ணீர் பழுப்பாக வருகிறது. குழாய் மாற்றி, சரியாகி, காலமும் முடிந்திருந்தது. கீழே கூடுதல் வரி: 'வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள். தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்.' அக்கா அதைப் படித்துவிட்டுப் பழக்கப்படி மேலே பெயரைப் பார்த்தாள். அப்பாவின் முதலெழுத்து, தம்பியின் பெயர். மாற்று எண்ணுக்கு நேரே இருந்ததும் அவன் பெண்சாதியின் பெயர்தான். இதே ஊர். அவள் தினமும் ஏறுகிற பேருந்து அந்தத் தெரு முனையில்தான் திரும்புகிறது.

தான் அத்தையாகிவிட்டதை ஒரு தண்ணீர்ப் புகாரிலிருந்து தெரிந்துகொண்டவள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா? அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அந்தக் கூடத்தில் ஒரு முகமும் இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள்.

நீங்களும் நானும் என்றால் என்ன செய்திருப்போம்? ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணைக் கிறுக்கி எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடியிருப்போம். அவளால் அது முடியவில்லை. அவன் தண்ணீருக்காகக் கொடுத்த எண் அது, அக்காவுக்காகக் கொடுத்ததல்ல. மச்சானுக்குப் பெண் பார்த்தவரை மோட்டார் சத்தத்துக்கு அனுப்பியவள், தனக்கென்று வந்தால் மட்டும் சட்டத்தை வளைப்பாளா? அதோடு, உள்ளதைச் சொல்லவேண்டுமே, பயமும் இருந்தது. போன் எடுத்து, குரலைக் கேட்டு, அவன் வைத்துவிட்டால்?

அழிக்கவும் மனம் வரவில்லை. அழித்தால் அவன் இரண்டாம் முறை காணாமல் போவான், அதுவும் அவள் கையாலேயே. அந்தப் புகாரை இன்னும் ஒரு நாளாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று தவித்தாள். புகார் முடியாமல் இருந்தால்தான் விவரத்தை வைத்திருக்கலாம். திரையின் மூலையில் 'மீண்டும் திற' என்று ஒரு பொத்தான் இருந்தது. இத்தனை வருஷம் அழித்தே பழகியவள், அதை ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். புகாரை மறுபடி திறந்தால் அது சும்மா திறந்து கிடக்காது, குழாய்க்காரருக்குத் தானாக வேலை போகும், புகார் எழுதியவருக்குத் தானாகச் செய்தி போகும் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். அழிக்கிறவளுக்கு மட்டும் தெரியாது.

இரண்டொரு நாளில் குழாய்க்காரர் பையைத் தொப்பென்று அவள் மேசையில் வைத்தார்.

"யாருங்க இத தொறந்தது? தண்ணி பளிங்கு மாதிரி ஓடுது. புதுசா புகாரே குடுக்கலயேன்னு அந்த ஆளு என்னை வாசல்லயே நிக்க வச்சுட்டாரு."

"நான்தான். தப்பா அழுத்திட்டேன்."

"நல்லா அழுத்துனீங்க போங்க. இதுல ஒரு வாண்டு வேற என் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு ஓடிப்போயி கட்டிலுக்கு அடியில பூந்துக்கிச்சு. குடுக்கவே மாட்டேங்குது."

"எப்படி இருந்துச்சு?"

"ஸ்பேனரா?"

"குழந்தை."

"குழந்தை மாதிரிதான் இருந்துச்சு."

யார் சாயல், எத்தனை வயசு இருக்கும், பேசுகிறாளா, சிரித்தாளா? ஒன்றையும் கேட்க முடியவில்லை. குழாய்க்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் அவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த அந்தக் குழந்தையோடேயே இருந்தாள்.

அடுத்து நடந்தது அவள் எழுதிய பக்கத்தாலேயே வந்தது. 'உங்கள் விவரங்களை யார், எதற்காகப் பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம்' என்று அதில் ஒரு வரி உண்டு. தேவையில்லாத வம்பு என்று சூப்பிரண்டு அடித்துவிடப் பார்த்தார், அவள்தான் சண்டை போட்டு வைத்தாள். வைத்ததிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கேட்டிருந்தான், தம்பி. புகாரைத் திறந்தது யார், எதற்கு என்று.

சூப்பிரண்டு படித்துவிட்டு அலட்டிக்கொள்ளவில்லை. "தப்பா அழுத்திட்டேன்னு போட்டு, உன் பேரையும் போட்டு அனுப்பிடும்மா. பெரிய விஷயமா?"

பெரிய விஷயம்தான். தம்பிக்கு எழுத அவளுக்குச் சட்டப்படியே ஒரு வழி திறந்திருந்தது. தட்டச்சு செய்தாள், அழித்தாள், மறுபடி செய்தாள். பார்த்தவர் என்ற இடத்தில் அப்பாவின் முதலெழுத்தோடு தன் பெயரை எழுதினாள். எதற்காக என்ற இடத்தில் தவறுதலாக என்று எழுதவில்லை. 'புகாருக்காக அல்ல. சொந்தக் காரணத்துக்காக' என்று எழுதினாள். படித்துப் பார்த்தால் வேலைக்கே உலை. சூப்பிரண்டு படிக்கவில்லை, ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

பிறகு காத்திருந்தாள். மடித்த துணியை நாற்காலியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள். போனை அடிக்கடி எடுத்து, சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். கடையில் ஒரு பொம்மையைக் கையில் எடுத்துவிட்டு, எந்த வயசுக்கு என்று கடைக்காரர் கேட்டதும் பதில் தெரியாமல் வைத்துவிட்டு வந்தாள். அலுவலகத்தில் தினமும் அந்தப் புகாரைத் திரையில் எடுத்து, இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது.

தம்பியின் பதில் இணையதளம் வழியாகவே வந்தது. வேண்டுகோள் வகை: விவரங்களை அழித்தல். புகார் முடிந்ததா, இல்லையா என்பதெல்லாம் இதில் கணக்கில்லை, ஆள் கேட்டால் அழித்தே ஆக வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, விருப்பமிருந்தால் எழுதலாம். அவன் எழுதியிருந்தான்: 'அங்கே வேலை பார்ப்பவர் எனக்குத் தெரிந்தவர்.'

அக்கா என்று எழுதவில்லை. சொந்தம் என்றுகூட இல்லை. நாலு வசவாவது எழுதியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சூப்பிரண்டு டீ கிளாஸோடு பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார். "தெரிஞ்சவராமே? அட, உனக்குக்கூட ஊருக்குள்ள தெரிஞ்சவங்க இருக்காங்களாம்மா?" அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். "யாரு?"

"தெரியல சார்," என்றாள் அக்கா. "வேற யாரையோ நெனச்சு எழுதியிருப்பாரு."

அவர் போன பிறகு புகாரைத் திரையில் எடுத்தாள். பழுப்புத் தண்ணீர், சின்னக் குழந்தை, தயவுசெய்து. எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். பிறகு அழித்தாள். அழுகை வந்தது, கூடத்தில் யாரும் அவள் பக்கம் திரும்புகிற வழக்கமில்லை என்பதால் துடைத்துக்கொள்ள அவசரமில்லை.

கேட்டு அழித்தால் கேட்டவருக்கு ஒரு பதில் அனுப்ப வேண்டும். அதன் வாசகத்தை வாரியம் முடிவு செய்து வைத்திருக்கிறது, ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, கீழே அனுப்புகிறவர் பெயரைப் போடலாம். 'தங்களைப் பற்றிய எந்த விவரமும் இப்போது எங்களிடம் இல்லை.' எத்தனையோ பேருக்கு அவள் அதை அனுப்பியிருக்கிறாள், ஒருமுறைகூட அது பொய்யாக இருந்ததில்லை. இப்போது வீட்டு எண், தெரு, போன் எண் மூன்றும் அவளுக்கு மனப்பாடம். ஸ்பேனரைத் தர மாட்டேன் என்ற அந்தக் குட்டிப் பெண்ணின் பெயர் மட்டும்தான் தெரியாது. வாசகத்துக்குக் கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.