இரவல் நடை

பொறியாளருக்கு வாத்து என்று பெயர் வைத்தது பள்ளிக்கூடம். கல்லூரி அதை அப்படியே வழிமொழிந்தது. கட்டையான உருவம், வெளிப்பக்கம் திரும்பிய பாதங்கள், அடிக்கு ஒரு தரம் இடமும் வலமும் போய்வரும் இடுப்பு. ரயில் நிலையத்தில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவர் மனைவி அவரைத் தேடியதே கிடையாது. கூட்டத்துக்கு நடுவே ஒரு வழுக்கை இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு வரும். அதைப் பார்த்ததுமே அவள் வண்டியைக் கூப்பிட்டுவிடுவாள்.

இப்பேர்ப்பட்டவர் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்த வேலை, மற்றவர்களை நடக்கவைப்பது. இதைச் சொல்லிச் சொல்லியே அவருடைய மச்சான் பல விருந்துகளைக் கலகலப்பாக்கியிருக்கிறார்.

மருத்துவமனைக்குப் பின்னால், பழைய சலவைக்கூடத்தை ஒழித்துக் கொடுத்த இடம்தான் ஆய்வுக்கூடம். மழை பெய்தால் சுவரில் இன்னும் சோப்பு வாசனை வரும். அங்கே செரிபரல் பால்சி உள்ள வளரும் பிள்ளைகளுக்காக ஓர் இயந்திரக் கால் தயாராகிக்கொண்டிருந்தது. காலோடு சேர்த்து வாரால் கட்டிக்கொள்ள வேண்டும்; இடுப்பிலும் முட்டியிலும் மோட்டார். இந்தப் பிள்ளைகளின் மூளையிலிருந்து கிளம்பும் உத்தரவு, கால் வந்து சேர்வதற்குள் குழம்பிப்போகும். தசை இறுகும், முட்டிகள் ஒன்றையொன்று இடிக்கும், குதிகால் தரையைத் தொடாது. நீங்களும் நானும் அரட்டை அடித்துக்கொண்டே போகிற தூரத்தை அவர்கள் மூச்சு வாங்க வாங்கக் கடப்பார்கள்.

எப்படி நடக்க வேண்டும் என்று இயந்திரத்துக்கு யாராவது நடந்து காட்ட வேண்டியிருந்தது. கருவியோ வளரும் பிள்ளைகளின் அளவு. ஆய்வு மாணவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பனைமர உயரம், ஒருவருக்கும் வார் எட்டவில்லை. ஆய்வை நடத்திய பேராசிரியை அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை பொறியாளர்மேல் வந்து நின்றது. அவர் மாட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை கூடத்தை வளையவந்தார். முட்டி எப்போது மடங்குகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது, எல்லாம் இயந்திரத்தின் நினைவில் ஏறியது. எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் ஆளைப் பார்க்கவில்லை.

கருவியைப் போட்டுப் பார்க்க வந்தவர்களில் ஒருத்திக்குப் பதினேழு வயது. வந்த முதல் நாளே வாரை இறுக்கிய மாணவனிடம், "பார்சலா கட்டுறீங்க? கொஞ்சம் பாத்து," என்றாள். அன்றிலிருந்து அங்கே அவள் பெயர் எஜமானி. இயந்திரம் அவள் காலைப் பிடித்துத் திருத்தியது. முட்டி இடிப்பது நின்றது, குதிகால் தரையைத் தொட்டது. பேராசிரியை கணினியில் ஓடிய நடை வரைபடத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

அந்தச் சமயத்தில்தான் பொறியாளர் மறந்துவிட்டு வந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் மனைவி வந்து சேர்ந்தாள். நீண்ட கூடத்தில் எஜமானி முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். மனைவி வாசலிலேயே நின்றாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"என்னங்க இது! அச்சு அசலா நீங்க நடக்கற மாதிரியே இருக்கு! அதே வாத்து!"

பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. மாணவர்கள் முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள். எஜமானி மெதுவாகத் திரும்பினாள்.

"எனக்குன்னு ஒரு நடை ஏற்கெனவே இருக்கு அங்கிள். தெருவே நின்னு வேடிக்கை பாக்கும். அது பத்தாதுன்னு உங்களோடதையும் நான் சுமக்கணுமா?"

பேராசிரியை ஓடி வந்தார். "இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லம்மா. நல்லா நடக்கற ஒரு விளையாட்டு வீராங்கனைய வச்சு மறுபடி பதிவு பண்ணிடலாம்."

"யாரோட நடையும் வேணாம் மேடம். கழட்டுங்க. நான் இனிமே வரல."

ஊரெல்லாம் சிரித்த நடையை, அதுவும் ஏற்கெனவே சிரிப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் காலில் கட்டிவிட்டோமே என்று பொறியாளருக்கு வெட்கமாக இருந்தது. வாசல் படியில் வண்டிக்காகக் காத்திருந்த எஜமானியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சரிம்மா. உனக்கு என்னதான் வேணும்?"

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். வலிக்கிறதா, இறுக்குகிறதா என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"இங்க முடிஞ்சதும் மத்த பசங்கல்லாம் கேன்டீனுக்குப் போயிடறாங்க. நான் போய்ச் சேர்றப்ப எல்லாரும் எந்திரிச்சு கை கழுவுறாங்க. 'உனக்காகத்தான் உக்காந்திருந்தோம்'னு ஒரு பொய் வேற. சூடா ஒரு டீ அவங்களோட உக்காந்து குடிக்கணும். நேரா நடக்கணும்னு நான் கேட்டேனா? அது உங்க ஆசை."

பொறியாளர் உள்ளே போய், இயந்திரத்தின் நினைவில் இருந்த தன் நடையை அழித்தார். கொஞ்சமும் வருத்தமில்லை. இனிமேல் இயந்திரம் வழிகாட்டாது. அவள் தசை எந்தப் பக்கம் கிளம்புகிறதோ, அந்தப் பக்கம் ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். மூட்டுக்குக் கேடு வரக்கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் இரண்டு இடத்தில் கடிவாளம் போட்டார், பொறியாளரை ஒரு பாட்டம் திட்டவும் செய்தார். எஜமானி திரும்பி வந்தாள். முட்டிகள் மறுபடி இடித்தன. ஆனால் மூச்சு வாங்கவில்லை.

பேராசிரியை வரைபடத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. நிபுணர்கள் வந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் பிள்ளைங்க இத வீட்டுக்கே எடுத்துட்டுப் போக முடியும். இத எப்படிங்க காட்டறது?"

"படத்த விட்டுட்டு ஆளக் காட்டுவோம் மேடம்."

நிபுணர்கள் மூன்று பேர் வந்தார்கள். தரையில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். எஜமானி நுனிக்காலில், முட்டி இடிக்க, கையை வீசிக்கொண்டு, கோட்டைச் சட்டைசெய்யாமல் நடந்தாள்.

"நேரா நடக்க வைக்குதுன்னு சொன்னீங்களே?" என்றார் ஒருவர்.

அவர் கேட்டது எஜமானி காதில் ஏறவில்லை. மற்ற பிள்ளைகள் அப்போதுதான் ஜன்னலைக் கடந்து முற்றம் வழியாகக் கேன்டீனுக்குப் போனார்கள். அவள் அப்படியே திரும்பி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பேராசிரியை ஓடினார். பின்னாலேயே நிபுணர்கள் இருவர், அதில் வயதான அம்மா ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். மூன்றாமவர் மட்டும் பொறியாளரை வாசலில் மடக்கிக்கொண்டு, அந்தக் கோழிக் கிறுக்கலுக்கு வரிக்கு வரி விளக்கம் கேட்டார்.

ஒருவழியாகத் தப்பித்து, ஆடி ஆடி முற்றத்தைக் கடந்து பொறியாளர் கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, எஜமானி மேசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்த வயதான அம்மா இன்னும் இரைத்துக்கொண்டிருந்தார்.

"இத வீட்டுக்குக் குடுத்தா எங்கெல்லாம் போவ?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே பேராசிரியையைப் பார்த்து, "குடுத்துடுங்க," என்றார்.

பிள்ளைகள் எழுந்து கை கழுவப் போனார்கள். எஜமானியும் எழுந்தாள், காலி கிளாஸைத் தள்ளிவைத்தாள். பக்கத்தில் ஏடு படிந்த டீ ஒன்று இருந்தது. அதைப் பொறியாளர் பக்கம் நகர்த்தினாள்.

"வாங்க அங்கிள். உங்களுக்காகத்தான் உக்காந்திருந்தோம்."