பழியைப் போனின் மேல் போட்டேன்

நான் பொய் சொன்னேன். பார்வையில்லாத ஒருவரிடம், அவருடைய போன்தான் சரியில்லை என்றேன். சரியில்லாதது நான் செய்த இணையப் பக்கம்!

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் யார் என்னை மன்னிக்க?

கோவில்பட்டியில் இணையப் பக்கம் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு கடலைமிட்டாய்க் கடை முதலாளி, மொத்த ஆர்டரை இனிப் போனில் எடுப்பதில்லை, எல்லாம் நெட்டில்தான் என்று முடிவெடுத்தார்.

"ஏலே, நம்ம போர்டுல இருக்குத அதே எழுத்து வரணும். பாத்ததும் நம்ம கடைன்னு தெரியணும்லா?"

போர்டில் இருந்தது அச்சகங்களின் பழைய எழுத்துரு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு உள்ளே கிடப்பதோ தாறுமாறான ஆங்கில எழுத்துகள். திரையை வாசித்துச் சொல்லும் போன் அவற்றைத்தான் வாசிக்கும். எனக்குத் தெரியாதா? தெரியும்! பணம் கொடுப்பவருக்குப் பிடித்தால் போதும் என்று விட்டேன்...

செல்லையா என்பவர் அந்தக் கடையில் சரக்கெடுத்து, புதூர் பேருந்து நிலையத்தில் மிட்டாய் விற்பவர். பார்வையில்லை. போன் வாசிப்பதைக் கேட்டே எல்லாம் செய்வார். ஒருநாள் கடையில் என் எண்ணை வாங்கி அழைத்தார்.

"அண்ணாச்சி, உங்க பக்கத்தத் தொட்டா போனு என்னமோ உளறுது. சரக்கு தீந்துபோச்சு. யாவாரம் இல்லாம உக்காந்திருக்கேன்."

"போன் பழசா இருக்கும் அண்ணாச்சி. மாத்திப் பாருங்க."

எவ்வளவு எளிதாக வந்தது பாருங்கள்!

அடுத்த வாரம் நேரிலேயே வந்துவிட்டார். கையில் புதுப் போன். வீட்டில் நின்ற ஆடுகளை விற்று வாங்கியது.

"இதுவும் அப்படித்தான் உளறுது. ஒருவேள எங் காதுதான் பழசாயிட்டோ?" என்று சிரித்தார்.

சொல்லக் கூசுகிறது... எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, ஆர்வம். என் பக்கம் எப்படித்தான் ஒலிக்கும்? ஒருநாளும் கேட்டதில்லையே! கண்ணை மூடிக்கொண்டு அவர் போனைக் காதில் வைத்தேன். எப்... ஜே... செமிகோலன்... விலை எங்கே? ஆர்டர் பொத்தான் எங்கே? நான் செய்த பக்கத்தில் எனக்கே வழி தெரியவில்லை.

"இருங்க, செட்டிங் பாக்குதேன்" என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டுக் கணினியில் உட்கார்ந்தேன். கடைப் பெயரை மட்டும் முதலாளி கேட்ட எழுத்திலேயே படமாக வைத்தேன். மற்றதையெல்லாம் போன் வாசிக்கக்கூடிய தமிழுக்கு மாற்றிப் பொத்தான்களுக்குப் பெயர் கொடுத்தேன். அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்தது. அவ்வளவுதான் வேலை! முதலாளி இன்றுவரை வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. பிறகு எதற்காக, முதலாளி கேட்ட அழகா, போன் வாசிக்கும் ஒழுங்கா, ஒன்றுதான் முடியும் என்று நினைத்தேன்?

போன் தெளிவாக வாசித்தது. செல்லையா அங்கேயே ஆர்டர் போட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்...

வாசலுக்குப் போனவர், புதுப் போனில் எட்டயபுரத்து நண்பரை அழைத்தார். அவருக்கும் பார்வையில்லை, அவரும் அதே கடையில் சரக்கு எடுப்பவர்.

"ஏலே, பழைய போனு ஆவாதுலே. எப்பாடு பட்டாவது புதுசு வாங்கிரு. நம்ம அண்ணாச்சியே சொல்லிட்டாவ!"

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து, பழைய போனிலேயே இனி வாசிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

திறக்கவில்லை. ஏன்? இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்...