மில்லுக்காரர் வீட்டு ஆர்க்கிடெக்ட்

வீடு வரைகிறவள் பயத்தை வெளியே காட்டக் கூடாது. என்னைப் போல ஒரே பணக்காரக் குடும்பத்தை நம்பி ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கு இது புரியும். பரவையில் அரிசி மில் வைத்திருக்கும் குடும்பம் அது. வீடு, நாற்காலி, கட்டில் எல்லாம் புதுமாதிரி வேண்டுமென்று என்னிடம் விட்டார்கள். மூத்தவரான மில்லுக்காரர் வீடு நன்றாக வந்தால் தம்பி வீடும் எனக்கு. இல்லையென்றால் சிம்மக்கல்லில் என் ஆபீசுக்குப் பூட்டு.

முட்டு பிரித்த நாள்

போர்டிகோவுக்குத் தூண் கிடையாது. கூரை ஒரு பக்கச் சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நீண்டு நிற்கும். கணக்கெல்லாம் சரிதான். ஆனாலும் கான்கிரீட் இறுகும்வரை கூரையைத் தாங்கிய முட்டுக் கம்புகளை உருவ ஆரம்பித்ததும் நான் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். கடைசிக் கம்பு விழுந்ததும் மில்லுக்காரர் கூரைக்கு நேர் கீழே ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். இன்னொரு சேரையும் இழுத்துப் போட்டார். "வாத்தா, நீயும் வந்து பக்கத்துல உக்காரு. விழுந்தா ரெண்டு பேரு மேலயும் விழுகட்டும்."

பின்னங்கால் இல்லாத நாற்காலி

வீடு முடியுமுன்பே நாற்காலிகள் வந்து, பழைய வீட்டு ஹாலில் கிடந்தன. இரும்புக் குழாயை வளைத்துச் செய்தவை, பின்னங்கால் இல்லை. மில்லுக்காரர் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா நல்ல கனத்த ஆள். நேராக அதில்தான் போய் உட்கார்ந்தார். நாற்காலி தணிந்தது. காப்பி டம்ளரோடு அவர் கை மேலே போனது. அவர் விழுந்தால் கல்யாணமும் விழுமே! அன்று வரைபடம் காட்ட வந்து கதவோரம் நின்ற நான், அவரைப் பிடிக்க ஓரடி முன்னால் வந்தேன். நாற்காலி மெல்ல எழும்பி நின்றது. அவர் குனிந்து பின்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு மில்லுக்காரரிடம் கேட்டார்: "மிச்ச ரெண்டு காலு எப்ப வரும், சம்பந்தி?"

கிரகப்பிரவேசம்

தரை முழுக்கக் கறுப்பு சிமென்ட், முகம் தெரியுமளவுக்குப் பாலிஷ். எல்லாம் யோசித்த நான் பசுவை மறந்துவிட்டேன். கன்றோடு வாசல் ஏறிய பசு, உள்ளே கால் வைத்ததும் முன்னங்கால் வழுக்கி, மண்டியிடப் போய், எப்படியோ சமாளித்து நின்றது. நாதஸ்வரம் நின்றுபோனது. சொந்தபந்தம் அத்தனையும் என்னைத்தான் பார்த்தது.

பசுவுக்குக் கால் ஒடிந்தால் அந்தக் குடும்பம் இந்த வீட்டில் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்காது. என் பிழைப்பை விடுங்கள், அந்த வாயில்லா ஜீவனை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. மில்லுக்காரர் மனைவி மட்டும் அசரவில்லை. "மில்லுல இருக்க சாக்கையெல்லாம் அள்ளிட்டு வாங்கப்பா!" என்றார். என் பளபளப்புத் தரையில் வாசலிலிருந்து பூஜை அறை வரை கோணிச்சாக்கு விரிந்தது. பசு நிதானமாக நடந்து போய்ச் சாணியும் போட்டது. எல்லாருக்கும் பரம சந்தோஷம்.

மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்து நின்ற என்னை அந்தம்மா தேடி வந்து, தலையில் பூ வைத்துவிட்டுச் சொன்னார்: "என் கொழுந்தன் வீட்டுத் தரையவாச்சும் மாடு நடக்குற மாதிரி போடுத்தா."

அன்றிலிருந்து எந்த வீட்டை வரைய உட்கார்ந்தாலும், முதலில் மாட்டை உள்ளே நடத்திப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மனிதர்களுக்கு இடம் ஒதுக்குகிறேன்.