பிரின்ஸி ஏறிய மாடி

உக்குவளையில் ரயில் பாதையோரம் தையல் கடை வைத்திருக்கும் பிரின்ஸிக்கு வயது நாற்பது. உயரம் மட்டும் நான்கு வயதுப் பிள்ளையின் உயரத்தோடு நின்றுவிட்டது. சாதாரண மாடிப்படி ஒவ்வொன்றும் அவளுக்கு முழங்கால் வரை வரும். சிறுவயதில் அம்மா திரேசம்மா தூக்கிக்கொண்டு ஏறினாள். வளர்ந்த பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து, கைகளை ஊன்றித் தவழ்ந்து ஏறுவாள். ஆள் இருந்தால் ஏறவே மாட்டாள்.

கடையோடு சேர்ந்த தன் சின்ன வீட்டுக்கு அவள் மேல்மாடி கட்டப்போவதாகச் சொன்னதும் அண்ணன் ரொஹானுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வாடகைக்கு விடவா?"

"இல்லண்ணே. நான் ஏறத்தான்."

தன் காலுக்கேற்ற தாழ்வான படிகள் வேண்டும் என்று அவள் சொன்னதும் மேசன் இருளாண்டி தலையைச் சொறிந்தார். "இவ்வளவு பதிவா வச்சா படி நீண்டுக்கிட்டே போகும் தங்கச்சி. முன் அறை பூரா போயிரும்."

"போகட்டும் பாஸ்."

"சரி, சபையில விடுவாங்களா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. பிரதேச சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிரோஜா வந்தார். வரைபடத்தைப் பார்த்தவர், அதைச் சுருட்டி வைத்துவிட்டு, பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பிரின்ஸியை ஏறிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துக் குறைத்தார். அவள் சிரமமில்லாமல் ஏறிய உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தார்.

"படி ஒரு அளவுக்கு மேல ஒசரம் போகக் கூடாதுன்னுதான் சட்டம் அக்கா. பதிவா இருந்தா பிழையில்ல. ஆனா எல்லாப் படியும் ஒரே ஒசரமா இருக்கணும், ஒண்ணு மாறினாலும் கால் ஏமாந்துரும். கைபிடி கட்டாயம். ஒங்க கைக்கு எட்ற மாதிரி கீழ இன்னொண்ணு போட்டுக்குங்க."

பிரின்ஸி அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டம் என்றால் வேண்டாம், முடியாது என்று சொல்வதற்கே இருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தன் காலும் அதற்குள் அடங்கும் என்று யாரும் சொன்னதில்லை.

படியும் மாடியும் முடிந்த காலையில் திரேசம்மா பழக்கத்தில் குனிந்தாள். "தூக்கட்டா?"

"வேணாம்மா. நீங்க பின்னால வாங்க."

சின்னக் கைபிடியைப் பிடித்து ஒரு கால் வைத்தாள். மறு கால். முதுகு வளையவில்லை. கை தரையைத் தொடவில்லை. நடுவில் நிற்கவும் தோன்றவில்லை. முழங்கால் வலிக்காரியான திரேசம்மாவும் மூச்சு வாங்காமல் பின்னாலேயே வந்துவிட்டாள்.

பதிவாக வைத்த ஜன்னலில் கொய்யா மரத்தின் உச்சி தெரிந்தது. பாதையில் போகிறவர்களின் தலை வகிடு தெரிந்தது. பிறந்ததிலிருந்து எல்லோருடைய முகத்தையும் அண்ணாந்தே பார்த்தவள் அவள். அப்போது மாத்தளைப் பக்கமிருந்து ரயில் வந்து, அவள் கண்ணுக்குக் கீழே, பெட்டி பெட்டியாகப் போனது.

"அம்மா, ரயிலுக்கு மேல பாருங்க! எவ்வளவு நீளமான முதுகு!"

திரேசம்மா ரயிலைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்தபடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ரொஹான் தையல் மெஷினை மேலே கொண்டுபோய் வைத்தான். அன்று ஒரு சட்டைகூட முடியவில்லை. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிரின்ஸி ஜன்னலுக்கு எழுந்து போய்விட்டாள்.