நீர்நாய்க்கு வாங்கிய மீன்

என் மாமனார் ஓய்வுபெற்ற தாசில்தார். முட்டை வாசம்கூட ஆகாத சைவர். தொண்ணூறுகளின் நடுவில், மீன் வளர்த்தால் நல்ல லாபம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சீவலப்பேரிப் பக்கம் ஆற்றையொட்டிய எங்கள் தோப்பில் குளம் வெட்டி மீன்குஞ்சு விட்டார். ஆயுளில் மீனைத் தொட்டதில்லை. வலைபோட்டுக் குஞ்சு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் அருவருப்பு. விபூதி கலையாமல் கரையில் நின்று தண்ணீருக்கு உத்தரவு போடுவார், அவ்வளவுதான்.

ஒரே மாதத்தில் குஞ்சுகளைக் காணோம். ஆற்றுப் பாறையில் இரண்டு குட்டிகளோடு குடியிருந்த நீர்நாய்மேல் பழி விழுந்தது. எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடிக்கும். தின்பதை ஊரறியத் தின்னும். செதிலும் முள்ளும் பாறையிலேயே கிடக்கும், எல்லாம் பெரிய ஆற்றுமீன். எங்கள் குளத்தில் இருந்தது வேறு. பாத்திரம் கழுவும்போது நானே பார்த்தேன். நீர்த்தேள் என்கிற பூச்சி, காய்ந்த சருகு மாதிரி அசையாமல் கிடக்கும். குஞ்சு பக்கத்தில் வந்ததும் முன்கால்களால் இறுக்கிப் பிடித்து உறிஞ்சிவிட்டு, வெறும் தோலை மிதக்கவிடும்.

ஒன்றைச் சிரட்டையில் பிடித்துக் காட்டினேன்.

"மாமா, குஞ்சைத் திங்குதது இதுதான்."

"நல்லா இருக்கு போ. இம்புட்டுப் பூச்சி எம் மீனத் திங்குதாக்கும்! போயி அடுப்பப் பாரு."

அத்தனை வருஷம் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்தும், சத்தமில்லாமல் உறிஞ்சுகிறவர்களை அவர் பார்த்ததே இல்லை போலும்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மீன் வாங்கினார். அதன் வயிற்றில் பூச்சிமருந்தை வைத்துப் பாறையில் போட்டார். மீன் தொட்ட தீட்டுக்குத் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். காலையில் தாய் நீர்நாய் பாறையடியில் விறைத்துக் கிடந்தது. குட்டிகள் அதைச் சுற்றிச் சுற்றிக் கீச்சிட்டன. அந்த மனுஷன் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுபடி குஞ்சு விட்டார். மறுபடி காணோம். இந்த முறை ஆள் வைத்து வலை இழுத்தார். ஏறியதெல்லாம் நீர்த்தேள், கொழுத்துப்போய்.

"இப்பமாவது பாருங்க மாமா" என்றேன்.

வலையைப் பார்த்தார். பிறகு பாறையைப் பார்த்தார். குட்டிகள் இரண்டும் ஓரளவு வளர்ந்து, அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"அங்கன இன்னும் ரெண்டு கெடக்கு பாத்தியா, அதான்" என்றபடி பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். இந்தத் தடவை மூக்கை மூடத் துண்டு எடுக்கவில்லை.